உதைக்கும் காலுக்கும் வரலாறு உண்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆண்டு விழா நிகழ்ச்சிகளை முடிவு செய்ய நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். பரதநாட்டியம், பட்டிமன்றம், மெல்லிசை என்று வழக்கமான பட்டியல் தயாராகிக் கொண்டிருந்தபோது கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நால்வர் உள்ளே வந்தார்கள். தங்கள் இசைக் குழுவுக்கு மேடையில் இருபது நிமிடம் வேண்டும் என்றார்கள். என்ன இசை என்று கேட்டோம். 'ஹெவி மெட்டல்' என்று பதில் வந்தது.

அறையில் ஒரு சிரிப்பு எழுந்தது. மூத்த அன்பர் ஒருவர், "காலால் தடதடவென்று உதைப்பதற்குப் பெயர் இசையா தம்பி? அதற்கு ஒரு மூலம் உண்டா? முறை உண்டா?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். "சரி அங்கிள், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. பெரியவர் முன்னால் எதிர்த்துப் பேசுவானேன் என்ற தயக்கம்தான். அந்த மௌனம் ஒரு மாதமாக உறுத்திக் கொண்டிருக்கிறது. அன்று சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று வியக்க வேண்டாம். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா குழுவினரின் கச்சேரி நடந்தது. போகக் கூடாது என்று நான் சொல்லியும் என் மகன் போனான். நள்ளிரவு கழிந்து திரும்பியவனை நன்றாகத் திட்டினேன். அவன் கோபப்படவில்லை. "ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கப்பா, அப்புறம் திட்டுங்க" என்றான். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சிறு வயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்ற கை சும்மா இருக்குமா? சிறிது நேரத்தில் என்னையறியாமல் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கிடாரின் இரைச்சலும் பழக நாளாயிற்று. என்னைப் பிடித்து நிறுத்தியவை டிரம் வாசித்தவரின் கால்கள்தான்.

டிரம் செட்டில் தரையில் நிற்கும் பெரிய பேஸ் டிரம்மைக் கையால் அடிப்பதில்லை. கால் பெடலை மிதித்தால் அதன் முனையிலுள்ள குண்டு டிரம்மின் தோலில் மோதித் திரும்பும். மிருதங்கத்தில் தொப்பி கொடுக்கும் கனத்தை இங்கே கால் கொடுக்கிறது. சிகாகோவில் லுட்விக் சகோதரர்கள் 1909இல் விரைவாக இயங்கும் பெடலைச் செய்த பிறகு, டிரம் வாசிப்பவரின் வலது கால் இன்னொரு கை போலாயிற்று. ஆனால் ஒரு காலுக்கு ஓர் எல்லை உண்டு. மிதித்த பெடல் திரும்பி வர வேண்டும், கால் இளைப்பாற வேண்டும். இரண்டு டிரம்மை வைத்து இரண்டு கால்களும் மாறி மாறி மிதித்தால் இடைவெளி பாதியாகிவிடும். ஒற்றைக் காலில் நொண்டுவதற்கும் இரண்டு காலில் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இந்த இரண்டாவது டிரம்மை ஹெவி மெட்டல்காரர்கள்தான் கோபத்தில் கொண்டு வந்து வைத்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது ஒரு பள்ளி மாணவனின் ஓவியத்தில் பிறந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த லூயி பெல்சன் என்ற சிறுவனின் தந்தை இசைக்கருவிக் கடை நடத்தியவர். பையன் தன் பதினைந்தாவது வயது வாக்கில், இரண்டு பேஸ் டிரம் கொண்ட ஒரு செட்டைப் பள்ளி ஓவிய வகுப்பில் வரைந்தான். அந்தப் படத்தை நிஜமாக்கிக் கொடுக்க ஒரு நிறுவனம் கிடைக்க ஆண்டுகள் சில ஆயின. 1946இல் கிரெட்ச் நிறுவனம் செய்து கொடுத்தது. 1950களின் தொடக்கத்தில் ட்யூக் எலிங்டனின் புகழ்பெற்ற ஜாஸ் குழுவில், தாமே இயற்றிய 'ஸ்கின் டீப்' என்ற உருப்படியில் பெல்சன் இரண்டு கால்களாலும் வாசித்துக் காட்டினார். மூலம் உண்டா என்று கேட்டால், மூலம் இங்கே இருக்கிறது. கோட்டும் டையும் அணிந்தவர்கள் வாசித்த ஜாஸ் மேடையில் இருக்கிறது.

அங்கிருந்து ராக் இசைக்கு அதைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்துக்காரர்கள் இருவர். 1966இல் தொடங்கிய கிரீம் குழுவின் ஜின்ஜர் பேக்கர் ஒருவர், 'தி ஹூ' குழுவின் கீத் மூன் மற்றொருவர். பேக்கர் ஜாஸில் ஊறியவர். எலிங்டன் குழுவைப் பார்த்துத்தான் தமக்கு இந்த எண்ணம் வந்தது என்று சொன்னவர். கிரீம் குழுவின் முதல் இசைத்தட்டிலேயே 'டோட்' என்ற நீண்ட தனி ஆவர்த்தனம் வாசித்திருக்கிறார். ஹெவி மெட்டலுக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் என்று உலகமே சொன்ன அந்த மனிதர், ஹெவி மெட்டலைக் கண்டாலே தமக்கு ஆகாது என்று கடைசிவரை சொல்லிக் கொண்டிருந்தார். 2019இல் மறைந்தார். பெற்ற பிள்ளையைப் பிள்ளையில்லை என்று சொல்லும் தகப்பன் நம் கூட்டத்தில் மட்டுமல்ல, அங்கேயும் உண்டு!

ஆனாலும் பேக்கரும் மூனும் வாசித்ததை இன்று கேட்டால், அது ஹெவி மெட்டலின் கால் வாசிப்பாக இல்லை. இரண்டாவது டிரம் அவர்களிடம் ஓர் அலங்காரம். தனி ஆவர்த்தனத்திலும் பாட்டின் திருப்பங்களிலும் வந்து போகும். 1971இல் டீப் பர்ப்பிள் குழுவின் 'ஃபயர்பால்' பாட்டுக்காக இயன் பெய்ஸ் இரண்டாவது டிரம் ஒன்றைச் சேர்த்து வாசித்தார். அங்கே கால்கள் பாட்டையே ஓட்டின. 1977இல் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் இசைத்தட்டுக்கு சைமன் ஃபிலிப்ஸ், அடுத்த ஆண்டு அதே குழுவின் 'எக்ஸைட்டர்' பாட்டுக்கு லெஸ் பிங்க்ஸ் என்று இருவர் அதை மேலும் ஒரு படி கொண்டு போனார்கள்.

பிறகுதான் 1979 வந்தது. மோட்டார்ஹெட் குழுவின் ஃபில் டெய்லர் இரண்டாவது டிரம் ஒன்றை வாங்கினார். மேடையில் காட்சிப் பொருளாக இரண்டு டிரம்மை வைத்துவிட்டு ஒன்றையே வாசிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அதனால் மற்றவர்கள் வருமுன்பே ஒத்திகைக்கு வந்து தனியாகச் சாதகம் செய்தார். ஒரு நாள் கால்கள் இரண்டும் சீராக ஓடப் பழகிக் கொண்டிருந்தபோது மற்ற இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் நிறுத்தப் போக, நிறுத்தாதே, அப்படியே வாசி என்றார்கள். அதிலிருந்து எழுந்ததுதான் 'ஓவர்கில்'. அந்தப் பாட்டு கால்களின் ஓட்டத்தோடுதான் தொடங்குகிறது. முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது இரண்டு முறை மீண்டும் கால்கள் கிளம்புகின்றன. இங்கேதான் கால் அலங்காரமாக இருப்பது போய் அஸ்திவாரமாகிறது.

1946க்கும் 1979க்கும் இடையே 33 ஆண்டுகள். 'முதலில் வைத்தவர் யார்' என்று அந்த இசையின் ரசிகர்கள் சண்டை போடுவார்கள். 'நாங்கள்தான் முதலில்' என்று எல்லாவற்றுக்கும் மார் தட்டும் நமக்கும் அது பழகிய சண்டைதான். என்னைக் கேட்டால், முதலில் வைத்தவர் யார் என்பதைவிட, அது இல்லாமல் முடியாது என்ற நிலையை உண்டாக்கியவர் யார் என்பதே பெரிய கேள்வி. கருவி ஒரு நாளில் பிறந்துவிடும். கலை பிறக்க, அந்தக் கருவிக்கு ஒரு வேலை வர வேண்டும். பெல்சன் கருவியைக் கொடுத்தார், டெய்லர் வேலையைக் கொடுத்தார் என்பது என் துணிபு.

இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் டிரம் வொர்க்ஷாப் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரே டிரம்மை இரண்டு காலாலும் மிதிக்க உதவும் இரட்டைப் பெடலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று மேடையேறும் பலரிடம் இரண்டாவது டிரம்மே கிடையாது. பெல்சன் வரைந்த டிரம் போய்விட்டது, கால்கள் மட்டும் நின்றுவிட்டன!

அடுத்து, முறை உண்டா என்ற கேள்வி. ஸ்லேயர் குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' 1986இல் வந்தது. மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் முதல் பாட்டின் கடைசிப் பகுதியில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, டேவ் லொம்பார்டோவின் கால்கள் மட்டும் சில விநாடிகள் ஓடும். இப்படிப்பட்ட வாசிப்பின் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 200 அட்சரம், அட்சரத்துக்குச் சதுசிரமாக நான்கு என்றால் நிமிடத்துக்கு 800 மிதி. ஒரு காலுக்கு 400. இதில் இடது கால் ஒரு இழை பிசகினாலும் ஓட்டம் நொண்டும். கேட்பவன் காது உடனே சொல்லிவிடும். இது சாதகம் இல்லாமல் வருமா? கணக்கு இல்லாமல் நிற்குமா?

பொருள் உண்டா என்றும் கேட்கலாம். மெட்டாலிகா குழு 1988இல் 'ஒன்' என்று ஒரு பாட்டை வெளியிட்டது. டால்டன் டிரம்போ எழுதி 1939இல் வெளிவந்த போர் எதிர்ப்பு நாவல் ஒன்றைத் தழுவியது. முதல் உலகப் போரில் கை, கால், கண், காது, பேச்சு அனைத்தையும் இழந்து, நினைவு மட்டும் மிஞ்சிய ஒரு சிப்பாயின் கதை. மெதுவாகத் தொடங்கும் பாட்டின் பின்பகுதியில் லார்ஸ் உல்ரிக்கின் இரண்டு கால்களும் கிடாரோடு சேர்ந்து இயந்திரத் துப்பாக்கி போல் கொத்துக் கொத்தாக வெடிக்கும். கால்களை இழந்தவனின் கதையை இரண்டு கால்கள் சொல்கின்றன. என் மகன் இதை விளக்கியபோது நான் பேசாமல் இருந்தேன். 'வெறும் சத்தம்' என்று அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

குறையே இல்லை என்று வாதாடமாட்டேன். இன்று பல குழுக்கள் பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை மூச்சு விடாமல் மிதிக்கின்றன. உப்பு வேண்டும் என்பதற்காக உப்பையே சமைப்பதா? டிரம்மில் மின்னணு உணர்கருவியைப் பொருத்தி, மெல்ல மிதித்ததும் ஓங்கி மிதித்ததும் ஒன்று போலவே ஒலிக்கச் செய்கிறார்கள். வேகத்துக்கு அது துணை, நயத்துக்குப் பகை. இந்தக் குறைகளைப் பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அன்று வந்த நால்வரும் சங்கத்துக்கு வராத பிள்ளைகளல்லர், வந்த பிள்ளைகள். இளைஞர்கள் சங்கத்தின் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வருந்துகிறோம். தலைகாட்டியவர்களைச் சிரித்து அனுப்பினோம். அடுத்த கூட்டத்தில் நான் அந்த இருபது நிமிடத்தைக் கேட்கப் போகிறேன். பட்டிமன்றத்தில் நான் பேசும் நேரத்தைக் குறைத்துக் கொடுக்கவும் சித்தமாக இருக்கிறேன். மூத்த அன்பர் முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது என் விருப்பம். பிடிக்காவிட்டால் தாராளமாகத் திட்டட்டும். ஆனால் அவருடைய விரல் தொடையில் தாளம் போடுகிறதா என்று நான் கவனித்துக் கொண்டிருப்பேன்.