முப்பத்தைந்துக்குப் பிறகும் ஓடுவோம்: செங்கல்பட்டு மாவட்ட மூத்தோர் தடகளக் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறைக்கும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும், செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகத்துக்கும், எங்கள் மாவட்டத்துப் பொதுமக்களுக்கும்:

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 15 முதல் 35. அரசு ஊழியர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப்பிரிவு உண்டு, அங்கே வயது தடையில்லை. மற்றபடி கோவளத்தில் மீன் விற்கும் பெண், மாமல்லபுரத்துச் சிற்பி, மறைமலை நகர்த் தொழிலாளி, மதுராந்தகத்து விவசாயி என யாருக்கும் 36 வயதில் அங்கே இடமில்லை. உலக மூத்தோர் தடகளமோ 35 வயதில்தான் தொடங்குகிறது. உலகம் கதவைத் திறக்கும் வயதில் எங்கள் மாவட்டம் கதவைச் சாத்துகிறது. அதைத் திறக்கச் சொல்லியே இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

மூத்தோர் தடகளத்தைக் காலை நடையின் நீட்சியாகப் பலர் நினைக்கிறார்கள். 1975-ல் டொராண்டோவில் முதல் உலகப் போட்டி நடந்ததிலிருந்து இது முறையான விதிகளோடு வளர்ந்த விளையாட்டு. ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சாதனைப் பட்டியல். சண்டிகரின் மன் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 101 வயதில், 2017-ல் ஆக்லாந்தில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வென்றார். ஹரியானாவின் பகவானி தேவி 94 வயதில், 2022-ல் பின்லாந்தின் தம்பெரேயில் அதே தூரத்தை 24.74 விநாடியில் முடித்துத் தங்கம் பெற்றார். 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டியே சென்னை ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்குக்கு வந்துவிட்டது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரம் அது. ஆனால் அந்த அரங்குக்குப் போவதற்கு முன் ஒருவர் ஓடிப் பார்க்க வேண்டிய முதல் போட்டியை மாவட்ட நிர்வாகம் நடத்துவதில்லை. சங்கங்கள் நடத்தும் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணமும் ரயில் கட்டணமும் சீருடைச் செலவும் கைப்பணம்தான். பத்தாம் வகுப்பு வரை பள்ளி அணியில் ஓடி, கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்ட பெண்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். இப்படியொரு போட்டி இருக்கிறது என்ற செய்தியே அவர்களை எட்டவில்லை.

எனவே எங்கள் முதற் கோரிக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையானது: ஆண்டுக்கு ஒரு முறை, அரசுப் பொறுப்பில், 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமான மாவட்டத் தடகளப் போட்டி நடத்தப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதமே இதற்கு ஏற்ற காலம். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் ஓட்டங்களை முடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் அறுபது வயதுக்காரரை 1,500 மீட்டர் ஓட விடுவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். ஆட்கள் குறைவாக உள்ள பிரிவுகளை ஒரே ஓட்டத்தில் சேர்த்து ஓடவிட்டு, முடிவை மட்டும் வயதுவாரியாகப் பிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆகவே பிரிவுகள் அதிகம், நேரம் போதாது என்ற பதிலை ஏற்க இயலாது. முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவிலேயே 35-க்கு மேல் ஒரு பிரிவு சேர்த்தாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

மாவட்டப் போட்டி நிலைபெற்றதும் காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், புதுச்சேரி வீரர்களையும் அழைத்து மண்டலப் போட்டியாக விரிக்கலாம். 2022-ல் 44-வது சதுரங்க ஒலிம்பியாட்டை மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டிய மாவட்டத்துக்கு இது பெரிய காரியமல்ல.

ஓடுதளம் இல்லாமல் போட்டி இல்லை. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் எங்கள் மாவட்டத்து மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. அதன் ஓடுதளத்தில் வாரம் இரண்டு நாள், விடியற்காலை இரண்டு மணி நேரம் மூத்தோருக்கு ஒதுக்குங்கள். செய்யூரிலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் அங்கே தினமும் போய்வர முடியாது. அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி மைதானங்களை விடியற்காலையில் திறந்துவிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தால் போதும். இடமில்லாததால் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருட்டில் ஓடுகிறார்கள். பின்னால் வரும் வாகனத்துக்கு அவர்கள் தெரிவதில்லை. அரசு 2023-ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. ஓடுகிறவர்களையும் அதே அக்கறையோடு பாருங்கள்.

எறிகருவிகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. 50 வயதுக்குக் கீழ் ஆண்களுக்குக் குண்டின் எடை 7.26 கிலோ. அறுபதுகளில் 5 கிலோ, எழுபதுகளில் 4, எண்பதைத் தாண்டினால் 3. பெண்களுக்கு 50 முதல் 74 வரை 3 கிலோ, அதற்கு மேல் 2. ஈட்டியும் வட்டும் இதேபோல் வயதோடு எடை குறையும், தடை ஓட்டத்தின் தடைகள் உயரம் குறையும். பள்ளியில் கிடக்கும் ஏதோ ஒரு குண்டை எடுத்துக் கொடுத்தால் தோள்பட்டை போகும், அந்தத் தூரமும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு முழுத் தொகுப்பு வாங்கி வையுங்கள், பல ஆண்டுகளுக்கு உழைக்கும். நடுவர்களாக வரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இந்த விதிகளில் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். நேரத்தை மின்னணுக் கருவியில் பதிவுசெய்து சான்றிதழில் அச்சிடுங்கள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பரிசோதனை முகாம் நடத்த வேண்டும்: ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காக யாரையும் வாசலில் திருப்பி அனுப்பக் கூடாது, மருத்துவரே முடிவு செய்யட்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: மூத்தோர் போட்டிக்கும் ஊக்கமருந்து விதிகள் உண்டு. இன்சுலினும், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளும் தடைப்பட்டியலில் உள்ளவை. சிகிச்சைக்காக விலக்கு வாங்கும் முறையை முகாமிலேயே சொல்லிக் கொடுங்கள்.

மைதானத்தில் பெண்களுக்கு உடை மாற்றும் அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும் கட்டாயம். புடவை கட்டியோ சுடிதாரிலோ ஓட வந்தாலும் மாவட்டப் போட்டியில் இடம் கொடுங்கள்.

அறிவிப்பை இணையத்தில் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். ரேஷன் கடை, மீன் ஏலம் நடக்கும் கரை, கிராம சபை, செங்கல்பட்டு ரயில் நிலையம் ஆகிய இடங்களில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மாமல்லபுரத்தில் நாட்டிய விழாவைச் சுற்றுலாத் துறை மார்கழியில் விளம்பரப்படுத்தும்போது, தை மாதத் தடகளத்துக்கும் அதில் ஒரு வரி சேர்க்கட்டும்.

பணத்தைப் பற்றி: நலிந்த முன்னாள் வீரர்களுக்கான மாத ஓய்வூதிய அறிவிப்பில், மூத்தோர் போட்டிகளில் பங்கேற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்றொரு வரி இருக்கும். அந்த ஓய்வூதியம் நலிந்தவர்களுக்கே போகட்டும், அதில் பங்கு கேட்க மாட்டோம். மாநில அணிக்குத் தேர்வாகும் கூலித் தொழிலாளிக்கும் மீனவருக்கும் போக்குவரத்துச் செலவையும் நுழைவுக் கட்டணத்தையும் மட்டும் அரசு ஏற்க வேண்டும்.

எங்கள் மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று பிறந்தது. புதிய மாவட்டம், மாற்றக் கடினமான பழைய ஏற்பாடு எதுவும் இங்கே இல்லை. வரும் தை மாதத்துக்கான தேதியை ஐப்பசிக்குள் அறிவியுங்கள். 35 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் இந்தச் சாசனத்தில் தம் பெயர், வயது, ஊர், ஓட விரும்பும் தூரம் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நேரில் சேர்ப்போம், நீங்களும் உடன் வாருங்கள்.