மூவாயிரம் பேர் உள்ள ஊரில் கடை போடலாமா?



அயோவா மாநிலத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் டாக்டர். மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை. ஊரின் மக்கள் தொகை மூவாயிரம் சொச்சம். ஒரே ஒரு சிக்னல். மெயின் ஸ்ட்ரீட்டில் பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. "வாடகை இவ்வளவு மலிவாக இருக்கிறதே, இங்கேயே ஒரு கடை போட்டால் என்ன என்று தோன்றுகிறது. சிகாகோவில் இருக்கும் என் அண்ணன், பைத்தியமா உனக்கு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

இந்த வாசகி மாதிரி நம் குடும்பங்கள் அங்கே பல உண்டு. மேல்படிப்புக்காக ஜே-1 விசாவில் அமெரிக்கா போகும் டாக்டர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. டாக்டர் கிடைக்காமல் திண்டாடும் பகுதியில் மூன்று வருடம் வேலை பார்த்தால் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் பெயரில் 1994-ல் வந்த ஏற்பாடு இது. மாநிலத்துக்கு வருடம் முப்பது பேர். நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் மட்டுமே நம்மவர்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமே, நெப்ராஸ்காவிலும் கான்சாஸிலும் பெயர் தெரியாத ஊர்களில் சாம்பார் கொதிப்பது இதனால்தான்.

சரி, அந்த மெயின் ஸ்ட்ரீட் ஏன் காலியானது? கடை போட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே?

1862-ல் வந்த குடியேற்றச் சட்டம், போய் உழுது குடியிருப்பவருக்கு 160 ஏக்கர் என்றது. அப்படியென்றால் ஒரு சதுர மைலுக்கு நான்கு குடும்பம். நான்கு வீட்டுக்கும் உப்பு, செருப்பு, ஆணி, துணி வேண்டும். ரயில் பாதை போட்டவர்கள், விவசாயி குதிரை வண்டியில் தானியத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பும் தூரத்தில், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊரை உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தானியக் கிடங்கு, ஒரு பேங்க், ஒரு பள்ளிக்கூடம், சர்ச், மளிகைக் கடை, இரும்புக் கடை.

அப்புறம் கார் வந்தது. டிராக்டர் வந்தது. இன்று ஆயிரம், இரண்டாயிரம் ஏக்கரை ஒரே குடும்பம் பெரிய இயந்திரங்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறது. நிலம் அப்படியேதான் இருக்கிறது. விளைச்சல் கூடியிருக்கிறது. வாங்குகிற வீடுகள்தான் இல்லை. ஆக, அந்தக் கடைக்காரர்கள் சோம்பேறிகள் என்றோ ஊர் ராசியில்லாதது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இருந்த வீடுகளையும் 1980-களில் வால்மார்ட் இழுத்துக்கொண்டது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன், ஊர் ஊராக விற்பனை வரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார். அதிகமாக அடிபட்டவை, பக்கத்து டவுனில் வால்மார்ட் வந்த சின்ன ஊர்கள். வால்மார்ட் வந்த டவுனிலேயே, அது விற்கிற சாமானையே விற்ற கடைகள் தேய்ந்தன. அது விற்காததை விற்றவர்களுக்கு, வருகிற கூட்டத்தால் வியாபாரம் கூடியது. ஸ்டோன் அந்த ஊர்க் கடைக்காரர்களுக்குச் சொன்ன புத்தியும் அதுதான்: பெரிய கடையில் இருக்கும் சரக்கை அடுக்கிவைத்து அதனோடு மல்லுக்கட்டாதீர்கள்.

பெரியவர்கள் சீந்தாத ஊர்களைத் தேடிப்போய் வளர்ந்த ஒரு கம்பெனியும் அதே அயோவாவில் இருக்கிறது. கேஸீஸ். 1968-ல் பூன் என்ற ஊரில் ஒரு கேஸ் ஸ்டேஷனாக ஆரம்பித்தது. ஐயாயிரம் பேருக்கும் குறைவான ஊர்களில்தான் அதன் கடைகளில் ஏறக்குறைய பாதி. பெட்ரோல் போட வந்தவர் பீட்ஸாவும் வாங்கிப் போகலாம் என்று ஒரு சமையலறையையும் சேர்த்தார்கள். பல ஊர்களில் ராத்திரி ஒன்பது மணிக்குச் சூடாக ஏதாவது கிடைக்கும் ஒரே இடம் அதுதான். அமெரிக்காவின் பெரிய பீட்ஸா கம்பெனிகளில் ஒன்று பெட்ரோல் பங்க் என்றால் நம் ஊரில் யார் நம்புவார்கள்?

வியாபாரக் கணக்கு இருக்கட்டும். வாழ்கிற கணக்கு என்ன?

சின்ன ஊரில் வாடிக்கையாளர் வேறு, அக்கம்பக்கத்தார் வேறு என்று கிடையாது. காலையில் உங்கள் கடையில் பால் வாங்கியவர்தான் மத்தியானம் உங்கள் பிள்ளைக்குக் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி ஃபுட்பால் மேட்சில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நேற்று உங்களிடம் சண்டை போட்ட சப்ளையர். ஒருவருக்கு ஒரு டாலர் கூடுதலாக பில் போட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிவதற்குள் ஊருக்கே தெரியும். அதே ஊர், பனிப்புயல் அடித்த மறுநாள் காலையில் கேட்காமலே உங்கள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போகும். இரண்டும் ஒரே குணத்திலிருந்து வருவதுதான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

நம் பெண்கள் அங்கே முதலில் படுகிற கஷ்டம், கறிவேப்பிலைக்கு 150 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருப்பது மட்டும் இல்லை. எல்லோரும் கவனிக்கிறார்கள் என்பதுதான். யார் வீட்டு வாசலில் யார் கார் நின்றது, எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது, எல்லாம் செய்தி. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. சென்னை ஃப்ளாட்டில் வளர்ந்தவர்களுக்கு மூச்சு முட்டும். ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். கவனிக்கிற அதே கண்கள்தான், பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் உங்களுக்கு முன்னால் ஓடிவரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்துப் பாசத்தை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. "நம்ம ஊர்க் கடையிலேயே வாங்குவோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவே நினைக்கவும் செய்வார்கள். சனிக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்த் தள்ளுவண்டி நிறைய வாங்கி வருவார்கள். தவறென்று சொல்ல முடியுமா? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு காலன் பாலில் ஒரு டாலர் மிச்சம் என்றால் அது பணம்தான். உள்ளூர்க் கடைக்கு வருவது, மறந்துபோன வெங்காயமும் அவசரத்துக்கு ஒரு ரொட்டியும். வெங்காயத்தையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு ஃப்ரீசருக்குக் கரண்ட் பில் கட்ட முடியாது. ஒரு நாள் மளிகைக் கடை மூடுகிறது. கார் ஓட்ட முடியாத பாட்டிகளுக்கு அன்றிலிருந்து தக்காளி என்பது யாராவது வாங்கிவந்து கொடுத்தால்தான்.

நெப்ராஸ்காவில் கோடி என்று ஓர் ஊர். மக்கள் தொகை 150-ஐச் சுற்றி. இது சாகாத முரட்டு ஊர் என்று எல்லையிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பக்கத்து மளிகைக் கடை 60 கிலோமீட்டர் தள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டீச்சர்களோடு சேர்ந்து கிளம்பினார்கள். நன்கொடையும் மானியமும் திரட்டி, வைக்கோல் கட்டுகளையே சுவராக வைத்துக் கட்டிடம் எழுப்பி, 2013-ல் மளிகைக் கடை திறந்தார்கள். சரக்குக் கணக்கு, கல்லா, ஆர்டர் எல்லாம் பாடத்தோடு சேர்ந்தது. லாபத்துக்கு என்று யாரும் அங்கே கடை போடமாட்டார்கள் என்பது தெரிந்ததும் ஊரே கடைக்காரராகிவிட்டது. இப்படியும் ஒரு வழி.

ஆனால் வாசகி கேட்டது குடும்பத்துக்கு வருமானம் தரும் கடை. அதற்கு நான் காட்ட விரும்புவது மிஸோரி மாநிலத்தின் ஹாமில்டன்.

கான்சாஸ் சிட்டியிலிருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். மக்கள் தொகை 1,700. ஜே.சி.பென்னி கடைகளை உலகத்துக்குத் தந்த ஜேம்ஸ் கேஷ் பென்னி 1875-ல் பிறந்தது இந்த ஊரை ஒட்டிய பண்ணையில். துணிக்கடையில் வேலை பழகியதும் இங்கேதான். 1902-ல் வயோமிங்கில் ஒரு சுரங்க ஊரில் கடை போட்டார். அங்கே சுரங்கக் கம்பெனியின் கடைகளெல்லாம் கடனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் ரொக்கம் மட்டும் என்று விலையைக் குறைத்தார். 1924-ல் தன் ஐந்நூறாவது கடையைச் சொந்த ஊரான ஹாமில்டனில் திறந்தார். நடுப்பெயரே கேஷ் என்பது அப்பா அம்மா வைத்தது, நான் கற்பனை பண்ணியது இல்லை.

அப்படிப்பட்ட ஊரும் மற்ற ஊர்களைப் போல வாடித்தான் போயிருந்தது. 1990-களில் கலிஃபோர்னியாவிலிருந்து செலவு தாங்காமல் அங்கே குடிவந்தது ஒரு குடும்பம். அம்மா ஜென்னி டோன். ஏழு பிள்ளைகள். 2008-ல் பங்குச் சந்தை சரிந்தபோது, ஓய்வுக்காலத்துக்கு என்று சேர்த்த பணம் கரைந்துபோனது. அம்மாவுக்குக் குயில்ட் தைப்பதில் ஆசை. துணித் துண்டுகளைக் கோலம் மாதிரி கோத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை அது. மேல் துணியைத் தைத்து முடித்துக் கடைசித் தையலுக்கு வெளியில் கொடுத்தால் திரும்பி வர மாதக் கணக்கில் ஆனது. மகனும் மகளும் இதைக் கவனித்தார்கள். வரிசையில் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றால் வேலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கடன் வாங்கி அந்தப் பெரிய தையல் மெஷினையும், அது நிற்க ஒரு பழைய கட்டிடத்தையும் வாங்கினார்கள். சின்ன ஊரில் கட்டிடம் மலிவு.

கொஞ்ச நாள் உள்ளூர் வேலை. அதில் எவ்வளவு வந்துவிடும்? மகன், "அம்மா, நீங்கள் தைக்கக் கற்றுக்கொடுத்து யூடியூபில் போடுவோமா?" என்றார். கேமரா முன்னால் பேசத் தெரிந்த அம்மா. முதல் நாள் தையல் ஊசி பிடிப்பவளுக்கும் புரிகிற மாதிரி, சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். ஏற்கனவே அளவாக வெட்டிய துணிக் கட்டுகளை வைத்துத் தைத்துக் காட்டியதால், பார்த்தவர்கள் அதே கட்டைக் கேட்டார்கள். ஆர்டர்கள் ஹாமில்டனுக்கு வந்து குவிந்தன. துணி அங்கிருந்து பார்சலில் உலகம் முழுக்கப் போனது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வீடியோ பார்த்த பெண்கள் ஊரையே பார்க்க வர ஆரம்பித்தார்கள், பஸ் எடுத்துக்கொண்டு! டோன் குடும்பம் மெயின் ஸ்ட்ரீட்டில் மூடிக் கிடந்த கட்டிடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சீர்செய்தது. ஒன்றில் பாத்திக் துணி, ஒன்றில் பூப்போட்டது, ஒன்றில் குழந்தைகளுக்கானது, ஒன்றில் பண்டிகைக் காலத்துக்கானது. கூடவே வரும் கணவன்மார்கள் உட்கார்ந்து டிவி பார்க்கத் தனியாக ஓர் இடம் வேறு. துணிக்கடை வாசலில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆண்களைத் தி.நகரில் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். வந்தவர்கள் சாப்பிட வேண்டாமா, தங்க வேண்டாமா? அதனால் மற்றவர்களுக்கும் பிழைப்பு. மிஸோரி ஸ்டார் குயில்ட் கம்பெனியில் சில நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க அரசின் சிறுதொழில் துறை 2015-ல் அந்த வருடத்தின் சிறந்த சிறுதொழில் முனைவோர் விருதை இவர்களுக்குக் கொடுத்தது.

ஹாமில்டனை அப்படியே நகல் எடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஒரு ஜென்னி டோன் எல்லா ஊரிலும் கிடைப்பாரா? ஆனாலும் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூவாயிரம் பேரின் பையிலிருந்து எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஊர் நிமிராது. செலவு சின்ன ஊரில், வரவு வெளியூரிலிருந்து. மோட்டல் நடத்தும் குஜராத்திக் குடும்பங்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் போகிறவர் கொடுக்கும் பணம்தானே அது. குடும்பமே மோட்டலில் தங்கி, குடும்பமே வேலை செய்து, அமெரிக்காவின் ஹோட்டல் மோட்டல்களில் பாதிக்கும் மேல் தங்களுடையது என்று அவர்கள் சங்கம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆகவே வாசகிக்கு என் பதில்: போடலாம். மளிகைக் கடை வேண்டாம். ஊருக்கு மட்டும் என்று எதுவும் வேண்டாம். உங்களுக்குத் தையலோ பேக்கிங்கோ மசாலாவோ எது கைவந்ததோ, அதை பார்சலில் அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். முன்பக்கம் கடையாக இருக்கட்டும், பின்பக்கம் பேக்கிங் நடக்கட்டும்.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம். உங்களுக்குக் கணவரின் விசாவைச் சார்ந்த எச்-4 விசா என்றால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் கடையில் உட்கார முடியாது. வக்கீலிடம் கேட்காமல் ஒரு டாலர் முதல் போடாதீர்கள். இரண்டாவது, கட்டிடம் சல்லிசாகக் கிடைக்கிறது என்று மயங்கிவிடாதீர்கள். நூறு வருடக் கட்டிடம். வாங்குகிற விலையைவிடக் கூரைக்கும் குளிருக்கு ஹீட்டிங் மாற்றவும் ஆகிற செலவு அதிகமாக இருக்கும். முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை வேலைக்கு வையுங்கள், முடிந்தால் ரிட்டயரான ஒருவரை. சின்ன ஊர்களில் கடையைக் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்க நினைக்கும் வயதான முதலாளிகள் நிறைய. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். நம்பிக்கை வந்தால் தவணையில்கூடக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறீர்களா என்று அப்படி யாராவது கேட்டால் கடைசி மூன்று வருட வரிக் கணக்கை வாங்கிப் பார்த்த பிறகு காபி குடியுங்கள்.

அண்ணனிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சின்ன ஊர்களில் கடை, மோட்டல், கிளினிக் நடத்தும் மற்ற வாசகர்கள் இருந்தால், முதல் வருடம் எப்படிப் போனது என்று எங்களுக்கு எழுதுங்கள். லாபக் கதைகள் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்