முகமூடிப் பெயர்

பூச்சிகளின் வாழ்க்கையில் முட்டைக்கும் முதிர்நிலைக்கும் நடுவே வருகிற, ஊர்ந்து தின்று கொழுப்பதையே தொழிலாகக் கொண்ட பருவத்துக்கு 'லார்வா' என்ற பெயரை உயிரியலில் நிலைநிறுத்தியவர் 18ஆம் நூற்றாண்டின் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். அந்த இலத்தீன் சொல்லுக்குப் புழு என்ற பொருள் ஒருபோதும் இருந்ததில்லை. வீடுகளைச் சுற்றித் திரிந்து இருப்போரை அச்சுறுத்தும் இறந்தோர் ஆவியையே ரோமானியர் முதலில் அப்படி அழைத்தனர். அச்சமூட்டும் முகமூடிக்கும் அதே சொல் வழங்கியது, கவிஞர் ஹொரேஸ் தம் அங்கதக் கவிதையொன்றில் நாடக முகமூடி என்ற பொருளிலேயே அதை ஆண்டிருக்கிறார். பேய்ப்பெயர்களில் லின்னேயசுக்கு ஈடுபாடு இருந்திருக்க வேண்டும். இரவில் நடமாடும் விலங்குகளுக்கு அவர் சூட்டிய 'லெமூர்' என்ற பெயரும் ரோமானிய ஆவிகளின் பெயர்தான்.

பூச்சியைப் பொறுத்தவரை அவர் முகமூடிப் பொருளையே கொண்டார். புழு என்பது பூச்சியின் மெய்யுருவை மறைத்து நிற்கும் வேடம். வேடம் கலைந்தபின் வெளிப்படும் சிறகுள்ள உயிருக்கு, உருவம் அல்லது சாயல் என்று பொருள்படும் 'இமாகோ' பெயராயிற்று. இரண்டுக்கும் இடையே அசையாமல் கிடக்கும் பருவம், சிறுமியையும் பொம்மையையும் குறிக்கும் 'பியூப்பா' ஆயிற்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவை வெறும் பெயர்களாக நிற்காமல் ஒரு கொள்கையாகவே அமைவது புலப்படும். அக்கொள்கைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் ஆம்ஸ்டர்டாமின் யான் ஸ்வாமர்டாம் (1637–1680). புழு மாண்டு அதன் அழுகலிலிருந்து வேறோர் உயிர் பிறக்கிறது என்ற எண்ணத்தை மறுத்த அவர், முதிர்ந்த கம்பளிப்புழுவின் தோலை உரித்து, உள்ளே மடிந்து கிடக்கும் சிறகுகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார். புழுவும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே உயிர் என்பதை அது நிலைநாட்டியது. ஆனால் பூச்சி முழுவதும் முன்னரே உருவாகி உள்ளே ஒளிந்திருக்கிறது என்ற மிகைக்கும் அதுவே வழிவகுத்தது.

அந்த மிகை பின்னர் தகர்ந்தது. 1864இல் ஆகஸ்ட் வைஸ்மன் ஈப்புழுக்களின் உடலுக்குள் சிறு தட்டுகள் போன்ற உயிரணுத் தொகுதிகளை விவரித்தார். காலாகவும் சிறகாகவும் கண்ணாகவும் வளரவிருப்பவை இத்தொகுதிகளே, ஆயினும் புழுப்பருவத்தில் அவற்றுக்குக் கால், சிறகு, கண் என்ற வடிவம் எதுவும் இல்லை. உருமாற்றத்தின்போது புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் முதலிய திசுக்கள் பல சிதைந்தழிய, இவை விரிந்து முதிர் உடலைக் கட்டுகின்றன. இதை முடுக்கிவிடும் எக்டைசோன் என்ற இயக்குநீரை 1954இல் புடெனண்ட், கார்ல்சன் ஆகிய ஜெர்மானிய வேதியியலாளர்கள் சுமார் 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து பிரித்தெடுத்தபோது கிடைத்தது 25 மில்லிகிராம்தான். ஆக, வேடத்துக்குள் ஆள் இருந்ததில்லை. ஆளை ஆக்குவதற்கான முதல் மட்டுமே இருந்தது. கொள்கை போனபின்பும் பெயர் நிலைத்துவிட்டது. நன்னூலார் வழக்கில் சொன்னால், காரணப்பெயராகப் பிறந்தது இன்று கிட்டத்தட்ட இடுகுறியாகவே நிற்கிறது.

ஆனால் ஜெர்மன் மொழியில் 'லார்வே' இன்றும் முகமூடியையும் புழுப்பருவத்தையும் ஒருங்கே குறிக்கிறது, 'புப்பே' பொம்மையையும் கூட்டுப்புழுவையும் குறிக்கிறது. ஜப்பானியர் வேடம், ஆவி எதையும் பொருட்படுத்தாமல் 'இளம்பூச்சி' என்ற பொருள்பட 'யோச்சூ' என்கின்றனர்.

தமிழுக்கு வந்தால் வியப்பான ஓர் ஒற்றுமை காத்திருக்கிறது. 'பியூப்பா'வின் குறுமை வடிவமான 'பியூப்பில்லா' இலத்தீனில் கண்மணியைக் குறிக்கும், பிறர் கண்ணுக்குள் பார்ப்பவருக்குத் தம் உருவம் குட்டிப் பொம்மையாகத் தெரிவதே காரணம். தமிழின் 'பாவை'யும் பொம்மை, பெண், கண்மணி என்ற மூன்று பொருளையும் அப்படியே தாங்கி நிற்கிறது. ஆயினும் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பாவையை நாடாமல் கூட்டுப்புழு என்றது, அதனால் இழப்பொன்றும் இல்லை. பட்டு வளர்ப்போர்க்குக் கண்ணெதிரே இருப்பது கூடுதான்.

சிக்கல் லார்வாவில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'லார்வா' என்று ஒலிபெயர்க்கின்றன, அல்லது 'இளம்புழு' என்கின்றன. கொசுவுக்கும் பட்டுப்பூச்சிக்கும் இளம்புழு பொருந்தும்; தவளையின் தலைப்பிரட்டைக்கும், நட்சத்திரமீனின் மிதக்கும் இளநிலைக்கும் பொருந்தாது, அவையும் உயிரியலில் லார்வாக்களே. நண்டின் முள்முளைத்த இளநிலையை 1802இல் பாஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் 'சோயியா' என்ற தனிப் பேரினமாகவே கருதிப் பெயரிட்டார். அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் வாகன் தாம்சன் 1820களில் அவ்வுயிர் நண்டின் இளம்பருவமே என்று கண்டறிந்தார். முகமூடி என்ற பெயர் தகுதியோடு பொருந்திய இடம் ஒன்று உண்டென்றால் இதுதான், அங்கே ஏமாந்தவர்கள் வகைப்பாட்டாளர்கள். இத்தகைய உயிரைப் புழு என்று சொல்ல எந்த மீனவரும் ஒப்பமாட்டார்.

ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் நெடுநாளாக ஆளும் 'குடம்பி' இவ்விடத்தில் கைகொடுக்கிறது. முதிர்ந்த பூச்சிக்கு 'நிறையுடலி' என்பதும் அங்குள்ள வழக்கே. குடம்பி என்றதும் நினைவுக்கு வரும் 'குடம்பை' என்ற பழஞ்சொல்லுக்குத் திருக்குறள் உரையில் பரிமேலழகர் முட்டை என்று பொருள் கொண்டார், கூடு என்பாரும் உளர். இரண்டில் எதுவாயினும் புழு என்ற எல்லைக்குள் அது அடைபடவில்லை. முகமூடியை மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. தமிழ்நாட்டின் பாடநூலாக்கக் குழுக்கள் அடுத்த திருத்தத்தில் 'லார்வா'வை அடைப்புக்குறிக்குள் வைத்துக் 'குடம்பி'யை முதற்சொல்லாகத் தருவதற்குத் தடையாக இருப்பது இரு கரைகளின் கலைச்சொற்பட்டியல்களும் ஒன்றையொன்று பாராமல் வளர்ந்த பழக்கம் மட்டுமே.