பூட்டைக் கழற்றுவதற்கு முன்

2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஓர் எண்ணை வைத்தார்: 146,679. இறுதிப் போர்க்காலத்தில் வன்னியில் இருந்து, பிறகு கணக்கில் வராமல் போனவர்களின் தொகை அது என்றார். கச்சேரிக் கணக்கை ஐ.நா. கணக்கோடு ஒப்பிட்டு எடுத்த எண். அதைச் சுற்றி நடந்த வாதங்கள் இன்னும் ஓயவில்லை. ஆனால் பதிவேட்டில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை மன்னாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட பதிவேடுகள் இப்போது கணினிக்குள் போய்விட்டன. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் பிராந்திய அலுவலகம் ஒன்று மன்னாரில் இருக்கிறது. அதற்கு வெளியே சட்ட உதவி, பெண்கள் உரிமை, காணிப் பிரச்சினை என்று வேலை செய்யும் எந்தச் சிறு குழுவை எடுத்துக்கொண்டாலும் தாய்மாரின் வாக்குமூலம், காணி உறுதியின் பிரதி, கடன்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல் எல்லாம் ஒரு மடிக்கணினிக்குள்தான் இருக்கும். அது பஸ்ஸில் தவறினால், உள்நுழையும் கடவுச்சொல் காப்பாற்றாது. வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் எல்லாவற்றையும் வாசிக்கலாம். வன்தட்டு முழுவதையும் மறைகுறியாக்கிப் பூட்டி வைப்பதே இதற்குப் பாதுகாப்பு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மறைகுறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பிறகு வருகிறது புகார்: “பூட்டுப் போட்டதிலிருந்து கொம்பியூட்டர் நகருதில்லை.” திருத்த வரும் தம்பி சொல்லும் மருந்தும் பழகியதுதான்: “அதை ஓஃப் பண்ணிவிடுங்கோ அக்கா.” இந்த ஆலோசனை பெரும்பாலும் தவறு. பூட்டு மெதுவானதல்ல, கணினி அதைப் போடும் வழி பிழையாக இருக்கும்.

உலகெங்கும் இன்று வன்தட்டுகளைப் பூட்டுவது பெரும்பாலும் ஏ.ஈ.எஸ். என்ற முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோன் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வகுத்த முறையை அமெரிக்கா 2001இல் தன் அரச நியமமாக ஏற்றது. இதன் கணக்கை மென்பொருளாகவே ஓட்டினால் செயலிக்கு வேலை கூடும். அதனால் 2010இலிருந்து இன்டெல் தன் செயலிகளுக்குள் இதற்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்த்தது. சில்லே பூட்டும் வேலையைச் செய்யத் தொடங்கியதும் அந்தப் பாரம் பெருமளவு குறைந்துபோனது.

ஆனால் எல்லாச் சில்லுகளிலும் அது சேர்க்கப்படவில்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 செயலிகளில் அந்தக் கட்டளைகள் கிடையாது. அதே காலத்து ஐ5 செயலிகளில் உண்டு. மலிவான பென்டியம், செலரொன் வகைகளுக்கு அது வந்துசேர இன்னும் சில வருடங்கள் ஆயின. பாவித்த மடிக்கணினி வாங்குகிறவர் ராம் எவ்வளவு, திரையில் கீறல் உண்டா என்று பார்க்கிறார். இதை யார் கேட்கிறார்கள்?

சில்லில் அந்தத் திறன் இருந்தும் மெதுவாக ஓடும் கணினிகள் தனிக் கதை. இயங்குதளத்துக்கு இயங்குதளம் காரணம் மாறும். சில எஸ்.எஸ்.டி. தட்டுகள் தாமே பூட்டிக்கொள்ளும் என்று நம்பி, விண்டோஸின் பிட்லொக்கர் அந்த வேலையைத் தட்டிடமே விட்டிருந்தது. 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெயர்பெற்ற நிறுவனங்களின் தட்டுகளிலேயே அந்தப் பூட்டைக் கடவுச்சொல் இல்லாமல் திறக்கலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டு மைக்ரோசொப்ட் பூட்டும் வேலையை மறுபடி செயலியிடமே ஒப்படைத்தது. பாதுகாப்புக்கு அது சரியான முடிவு. வேகத்துக்கு விலை இருந்தது. 2023இல் டொம்ஸ் ஹார்ட்வெயர் இதழ் மிக வேகமான ஒரு தட்டை விண்டோஸ் 11இல் சோதித்தபோது சில வேலைகளில் 45 சதவீதம் வரை வேகம் குறைந்தது. அது சோதனைக்கூட எண். கடிதம் தட்டச்சு செய்கிறவர் அந்த வித்தியாசத்தை உணர வாய்ப்பில்லை.

லினக்ஸில் கோளாறு வேறிடத்தில் இருந்தது. 2020இல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தேடிப் பார்த்தபோது சில்லு தன் வேலையை வேகமாகத்தான் செய்துகொண்டிருந்தது. கோரிக்கைகள் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குக் கைமாறித் தேங்கின. கையெழுத்துப் போட அரை நிமிடம், கோப்பு மேசைக்கு மேசை நகர ஒரு மாதம் என்ற கச்சேரி நடைமுறைதான். இடைவரிசைகளைத் தவிர்க்கும் தெரிவு அதே ஆண்டு லினக்ஸ் 5.9இல் சேர்ந்தது. அப்பிளின் புதிய மக் கணினிகளில் இந்தப் புகாரே எழுவதில்லை. அவற்றில் பூட்டும் பொறி நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. பணம் உள்ளவருக்கு எல்லாம் எளிது.

வேகத்தை அளக்கிறவர்களும் ஏமாறுகிறார்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பழைய பதிப்புகளில் வேகச் சோதனைக் கட்டளையை ஒரு விதமாகக் கொடுத்தால் அது சில்லின் உதவியைத் தொடாமலே ஓடும். வரும் எண்ணைப் பார்த்து, குற்றமில்லாத செயலியைப் பழிசொல்லும் கூத்தும் நடந்திருக்கிறது.

எனவே, பூட்டைக் கழற்றும் முன் பார்க்கவேண்டியவை சில இருக்கின்றன. செயலிக்கு அந்தத் திறன் உண்டா என்பதை விண்டோஸில் சீபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் காட்டும்; லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை போதும். சில கணினிகளின் பயோஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்குச் சில்லின் திறன் கண்ணில் படாமல் போவதும் உண்டு. முதல்முறை பூட்டும்போது முழுத்தட்டையும் எழுதி முடிக்கும்வரை இழுபடுவது இயல்பு. அதைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல வேளை குற்றவாளி சுழலும் பழைய வன்தட்டுத்தான். அதை மாற்றினால் பூட்டோடு சேர்ந்தே கணினி ஓடும்.

மலிவான கருவிக்குப் பூட்டு எட்டாத அநீதி கைபேசியில் இன்னும் வெளிப்படை. 2015இல் வந்த அன்ட்ரொயிட் 6, வினாடிக்கு 50 மெபிபைட்டுக்கு மேல் ஏ.ஈ.எஸ். ஓட்டக்கூடிய கைபேசிகளே கட்டாயம் பூட்டப்பட வேண்டும் என்றது. அதற்குக் கீழே இருந்தவற்றுக்கு விலக்கு. விலை குறைந்த கைபேசி வைத்திருந்த கடற்றொழிலாளியின் படங்களும் இலக்கங்களும் அந்த விலக்குக்குள் விழுந்தன. 2019இல்தான் கூகிள் அடியான்டம் என்ற வேறு முறையைக் கொண்டுவந்தது. சிறப்புச் சில்லு இல்லாத செயலியிலும் அது வேகமாக ஓடும்.

அரசும் பாடம் படித்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினியை, கோப்புகளை மறைகுறியாக்கிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயின. மறைகுறியாக்கத்தை அன்று திறம்படப் பயன்படுத்தியவர்கள் திருடர்கள்.

மாவட்டத்துக்குக் கணினி வாங்கும் திணைக்களங்களும் அவற்றுக்கு நன்கொடை தரும் நிறுவனங்களும் விலைமனுவில் இரண்டு வரி சேர்க்கலாம்: செயலி ஏ.ஈ.எஸ். கட்டளைகளைக் கொண்டிருக்க வேண்டும். வன்தட்டு பூட்டப்பட்ட நிலையில் ஓட்டிக் காட்டிய பிறகே கணினி ஏற்கப்படும். பழைய ஐ3 மட்டுமே கையில் உள்ள குழுக்களுக்கும் வழி இருக்கிறது. 2019இலிருந்து லினக்ஸும் அடியான்டத்தை ஏற்கிறது. அதைக் கொண்டு அந்த வன்தட்டைப் பூட்டலாம். செலவு ஒரு பிற்பகல்.