இது ஓ.எல்.லுக்கு வருமா சேர்?



போன கிழமை தரம் 8 பிள்ளைகளுக்கு 2147483647 என்று கரும்பலகையில் எழுதி, "இது முதன்மை எண்ணா?" என்று கேட்டேன். பாடவேளை முழுக்க அதிலேயே போனது. இரவு பெற்றோர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வாப்பா கேட்டிருந்தார்: "இது ஓ.எல்.லுக்கு வருமா சேர்? ஏன் நேரத்தை வீணாக்குறீங்க?" கீழே வரிசையாக லைக்.

வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இந்தக் கேள்வி புதிதல்ல. இங்கிலாந்தில் இராணுவக் கல்லூரியொன்றில் கணிதம் படிப்பித்த பீட்டர் பார்லோ 1811 இல், இதே எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைப் பற்றி எழுதினார். (தன்னைத் தவிர்ந்த தன் காரணிகளின் கூட்டுத்தொகையாகவே அமைவது நிறைவெண்; 6 = 1+2+3 போல.) இதைவிடப் பெரியதை இனி யாரும் தேடமாட்டார்கள், இவை வெறும் விநோதம், பிரயோசனமில்லை என்றார். 1876 இல் லூக்காஸ் 39 இலக்க முதன்மை எண்ணை நிறுவினார். 2024 இல் கண்டுபிடித்ததற்கு 4,10,24,320 இலக்கங்கள். உங்கள் வங்கி ஆப்பின் இரகசியத்தைக் காப்பதிலும் பெரிய முதன்மை எண்களுக்குப் பங்குண்டு. ஆனாலும் பிரயோசனத்தைக் காட்டி வாதாட நான் வரவில்லை.

வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள். "7 இல் முடியுது, அப்ப முதன்மைதான்" என்றான் ஒருவன். பின் வாங்கிலிருந்து ஒரு மகள் "27?" என்றாள். பிறகு 2 இன் வலுவிலிருந்து 1 ஐக் கழித்துப் பார்த்தோம். வலு 2, 3, 5, 7 என்றால் 3, 7, 31, 127. எல்லாம் முதன்மை! விதி கிடைத்துவிட்டதென்று ஒரே சத்தம். வலு 11 ஐப் போட்டால் 2047. அது 23 × 89. வகுப்பே அமைதியாகிவிட்டது.

நாலு உதாரணம் சரி வந்தால் விதி என்று நம்புவதைத்தான் நாம் பாஸ்ட் பேப்பரால் பழக்குகிறோம். ஷோட்கட் தெரிந்த பிள்ளைக்கு ஏ வரும். ஏன் என்று கேட்டால் விழிக்கும். விசாரிக்காமல் ஃபோர்வர்ட் பண்ணும் பழக்கம் நமக்கு வேறெங்கிருந்து வந்தது? நானும் பண்ணியவன்தான்.

நமது எண், வலு 31 க்குரியது. வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை காரணி இல்லையென்றால் போதும். ஏறக்குறையப் பார்வையை இழந்திருந்த ஒய்லர் அத்தனையையும் வகுக்கவில்லை. இதற்கு முதன்மைக் காரணி ஏதும் இருந்தால், அதை 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வரவேண்டும் என்று காட்டினார். அப்படிப்பட்டவை 373 தான் என்று பிள்ளைகளே எண்ணினார்கள். அவற்றிலும் முதன்மையல்லாதவற்றை விட்டுவிடலாம். மிஞ்சியவற்றில் ஒன்றும் வகுக்கவில்லை. 1772 இல் விடயம் முடிந்தது. கூகிள் சொன்னதால் அல்ல.

63 உம் 249 உம் 3 ஆல் வகுபடும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது 311. அந்த வாப்பாவின் மகன் நேற்று அதைத் தாளில், கல்குலேட்டர் இல்லாமல் வகுத்துக் கொண்டுவந்தான். மீதி 35. சரி.

"இன்னும் கிடக்கு சேர்" என்றான். வாற கிழமையும் ஒரு பாடவேளை எடுப்பேன்.