பூசணிக் கோப்பிக்கு என்ன போடுவது?

"பிள்ளை, கோப்பிக்குள்ளை பூசணிக்காய் போட்டுக் குடிக்கிறவையாம். நீ கேள்விப்பட்டிருக்கிறியோ?"

இப்படிக் கேட்டுக்கொண்டுதான் அந்த அக்கா வந்தார். கிளிநொச்சிப் பக்கம் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் இடித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். 2009இல் கணவரை இழந்தவர். ரொறன்ரோவில் உள்ள தங்கச்சி, புருசனுடன் சேர்ந்து சின்னதாக ஒரு கோப்பிக் கடை தொடங்கியிருக்கிறா. "அதுக்குரிய தூளை நீயே இடிச்சு அனுப்பு அக்கா, ஒவ்வொரு வருசமும் எடுக்கிறன்" என்று சொன்னாவாம். அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சகோதரிகளே, வட அமெரிக்காவில் செப்டெம்பரும் ஒக்டோபரும் பூசணி அறுவடைக் காலம். கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாள். அன்றைய விருந்தில் பூசணிக்காய் வைத்துச் சுட்ட ஒரு இனிப்புப் பண்டம் இருக்கும். அதற்குப் போடும் கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு வாசத்தைத்தான் கோப்பிக்குள் கொண்டுவந்தார்கள். ஸ்டார்பக்ஸ் கம்பனி 2003இல் இதை விற்கத் தொடங்கியது. 2015 வரை அதில் பூசணிக்காயே இருக்கவில்லை! எங்கள் சுக்குக் கோப்பிக்கு இது தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கடைக்காரருக்கு முதற் கேள்வி, போத்தலில் ஆயத்தமாக வரும் பாணியை வாங்குவதா, தானே காய்ச்சுவதா என்பது. வாங்கினால் வேலை மிச்சம். ஆனால் பக்கத்துக் கடையிலும் அதே போத்தல் இருந்தால் இந்தக் கடையைத் தேடி யார் வருவார்கள்? இன்னொன்று, சில ஆயத்தச் சாறுகளில் ரின்பால் சேர்ந்திருக்கும். பால் ஒத்துக்கொள்ளாத ஒருவர் சோயாப்பாலில் கேட்டால், கடைக்காரர் அறியாமலே அவருக்குப் பால் கொடுத்துவிடுவார். லேபிளை வாசிக்க வேண்டும்.

பூசணிக்காய் ரின்னில் மசியலாக வருகிறது. பக்கத்திலேயே சீனியும் சரக்கும் முன்கூட்டியே கலந்த இன்னொரு ரின்னும் இருக்கும். தங்கச்சி முதலில் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தா. ரின்னில் அடைக்கும் பூசணியில் பெரும்பகுதி எங்கள் கறிப் பூசணியின் இனமே. ஒக்டோபர் 31இல் முகம் வெட்டி விளக்கு வைப்பது வேறு இனம். தண்ணியும் நாரும் கூட, ருசி குறைவு. மசியல் சேர்த்தால் பாணி தடிப்பாகும், நிறம் வரும். ஆனால் அடியில் மண்டும், கெதியில் பழுதாகும். வடித்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும்.

அடுத்தது நான் விட்ட பிழை. ருசி பார்க்க ஒரு சிறு பொதி அனுப்ப நினைத்தோம். "கறுவாவை ஏன் இடிக்கிறியள் அக்கா, நேரம் மிச்சம், தூளாகவே வாங்குங்கோ" என்று சொன்னவள் நான். போய்ச் சேர்ந்ததும் தங்கச்சி எடுத்தா: "அக்கா, பாணி கொழகொழவெண்டு கிடக்குது. கறுவா காரமா இருக்குது." கறுவாத்தூள் சூட்டில் தண்ணீரை உறிஞ்சிக் கொழுப்படையும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பட்டையாகப் போட்டுக் காய்ச்சி வடிக்க வேண்டும். அதுமட்டுமல்ல, நான் வாங்கச் சொன்ன தூள் எங்கள் கறுவாதானா என்பதே சந்தேகம்.

பட்டையாக இருந்தால் கண்டுபிடிக்கலாம். காலி, மாத்தறைப் பக்கத்துக் கறுவா கடதாசி போல மெல்லிய பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும், கையால் நொருங்கும். கசியா என்பது தடித்த ஒற்றைப் பட்டை. கசியாவில் குமாரின் என்ற பொருள் அதிகம். நெடுநாள் கூடுதலாக உட்கொண்டால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கலாம். எங்கள் கறுவாவில் அது மிகச் சொற்பம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் கறுவா' என்ற பெயருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அங்குள்ளவர்கள் கசியா வாசத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் கறுவா அவர்களுக்குச் சாதுவாகத் தெரியும், சற்றுக் கூடப் போட வேண்டும்.

தூளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2023இல் அமெரிக்காவில் குழந்தைகள் உண்ணும் அப்பிள் மசியலில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் காரணம் அதில் சேர்த்த கறுவாத்தூள்.

பிறகு அங்கே தங்கச்சி காய்ச்ச, இங்கே அக்கா காய்ச்ச, தொலைபேசியிலேயே அளவு பிடித்தார்கள். ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு கிலோ சீனி, 25 கிராம் கறுவா, 50 கிராம் இஞ்சி, எட்டுக் கராம்பு, அரைச் சாதிக்காய். கராம்பு கூடினால் நாக்கு மரத்துவிடும். பச்சை இஞ்சியைப் பாலில் நேரே போட்டால் பால் திரையும் என்று அக்கா சொல்லித்தான் தங்கச்சிக்குத் தெரிந்தது. முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். சர்க்கரை போட்டும் பார்த்தார்கள்; சூடான பாலில் அதுவும் சிலவேளை திரைந்தது. மண்ணிறச் சீனியோடு நிறுத்திக்கொண்டார்கள். 'அல்பா' என்ற விலைகூடிய மெல்லிய கறுவா இதற்குத் தேவையில்லை. காய்ச்சி வடிக்கிற பாணிக்கு உடைந்த துண்டுகளே போதும்.

ஆனால் மாதக் கணக்கில் விற்பனைக்கு அனுப்புவதென்றால் அங்கே இறக்குமதி செய்பவருக்கு உரிமப் பத்திரம் வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் பொதியைக் கடையில் விற்க முடியாது. இதை முதலே விசாரிக்காமல் ஆசை காட்டியதில் எனக்கும் பங்குண்டு. தங்கச்சி இப்போது உரிமம் உள்ள ஒருவரிடம் இலங்கைக் கறுவாத் துண்டு வாங்குகிறா.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ?" என்று அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். முற்றத்தில் பாய் விரித்து அரைக் கிலோ கறுவாத் துண்டு, சுக்கு, கராம்பு பரப்பியிருந்தார். தேத்தண்ணிக்குப் போடும் சரக்காகச் சிறு பைக்கற்றுகள். சந்தையில் முதற் கிழமை பன்னிரண்டு போனதாம். "தூளாக் கேக்கினம் பிள்ளை. நான் துண்டாத்தான் குடுப்பன் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.