ஒரு வார்த்தையைத் திருத்திய பெரியவர்

பெஞ்சமின் ஃபிராங்க்ளின்னு சொன்னாலே பட்டம், மின்னல், நூறு டாலர் நோட்டுன்னு ஆரம்பிச்சுடுவோம். எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சதுக்குக் காரணம் வேற. அவர் தான் எழுதின ஒரு வரியைத் திருத்தினார்.

முதல்ல சின்ன முன்கதை. 1706-ல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பாவுக்கு சோப்பு, மெழுகுவர்த்தி செய்யற தொழில். பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருஷம். 12 வயசுல அண்ணனோட அச்சகத்துல வேலை. தன் பேர்ல எழுதினா அண்ணன் போட மாட்டார்னு, 1722-ல் 'சைலன்ஸ் டூகுட்'ங்கிற விதவை பேர்ல எழுதி, ராத்திரி அச்சகக் கதவுக்கு அடியில தள்ளிவிட்டார். 14 கட்டுரை அச்சாச்சு. எழுதினவருக்கு வயசு 16! புனைபெயர்ல எழுதறவங்க எல்லாம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம் :)

சரி, விஷயத்துக்கு வர்றேன். அவர் பிலடெல்பியாவில் நடத்திய 'பென்சில்வேனியா கெசட்' பத்திரிகையில் அடிமைகளை விற்க விளம்பரம் வந்தது. வீட்டிலும் அடிமைகள் இருந்தாங்க. 1751-ல் மக்கள்தொகை பற்றி எழுதின கட்டுரையில், அடிமைகள் பிறவி இயல்பாலேயே திருடர்கள்ங்கிற மாதிரி எழுதிட்டார்.

'அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்'னு சொல்றவங்க உண்டு. இதை நான் ஏத்துக்க மாட்டேன். அதே ஊர்ப்பக்கம் பெஞ்சமின் லே என்கிற குவேக்கர், அடிமை வைத்திருப்பவர்களைத் திட்டி ஒரு புத்தகமே எழுதினார். 1737-ல் அதை அச்சடிச்சுக் கொடுத்தது யார்? நம்ம ஃபிராங்க்ளின்தான், தன் அச்சகத்தின் பேரைப் போடாமல்! ஆக, விஷயம் தெரியாம இல்லை.

1763-ல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். வெள்ளைக் குழந்தைகளுக்கு இவங்க எதிலும் குறைஞ்சவங்க இல்லைன்னு கடிதத்தில் எழுதினார். 1769-ல் அந்தப் பழைய கட்டுரை மறுபடி அச்சானப்போ வரி மாறியிருந்தது: அடிமையைத் திருடனாக்குவது அவன் பிறப்பு இல்லை, அடிமைத்தனம்தான். குற்றவாளிக் கூண்டுல நின்ன ஆளே மாறிட்டார் பாருங்க.

1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அதே வருஷம், அடிமை முறையைத் தொடாமல் விட்ட அரசியல் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். அந்தக் கறையை நான் மறைக்க விரும்பலை. ஆனா 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கேட்டு காங்கிரசுக்குப் போன மனுவில் அவர் கையெழுத்து இருந்தது. மாநிலங்களுக்குள் தலையிட அதிகாரம் இல்லைன்னு சபை ஒதுங்கிடுச்சு. மனுவை எதிர்த்துப் பேசின ஒரு உறுப்பினரைக் கிண்டலடிச்சு மார்ச்சில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மாசத்துக்குள்ள, ஏப்ரல் 17 அன்னிக்கு, 84 வயசுல போய்ச் சேர்ந்தார்.

இவரைக் கும்பிடவும் வேண்டாம், குப்பையில போடவும் வேண்டாம். ஒரு மனுஷன் தப்பிலிருந்து எவ்வளவு மெதுவா வெளியே வர்றான்னு தெரிஞ்சுக்கலாம். அவர் மெதுவா வந்ததுக்கு விலை கொடுத்தது அடிமைகள்தான்ங்கிறதையும் சேர்த்துத்தான்.

ஏன் இதெல்லாம் சொல்றேன்னா, சில வருஷம் முன்னாடி ஒரு சமூகத்தைப் பத்தித் தெரியாத்தனமா ஒரு பதிவு எழுதினேன். தப்புன்னு புரிஞ்சதும் சத்தமில்லாம அழிச்சுட்டேன். தப்புன்னு இன்னிக்கு வரை எங்கேயும் சொன்னதில்லை. 16 வயசுல பேரை ஒளிச்சு எழுதினவர், 84 வயசுல சொந்தப் பேரைப் போட்டுக் கையெழுத்து வச்சார். நானும் இப்ப சொல்லிட்டேன். நான் எழுதினது தப்பு.

உங்க பழைய பதிவுகளையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க மக்களே.